சனிக்கிழமை கிரேக்க வகுப்பு: 2,500 ரூபாய்க்குத் தகுமா?

புதுச்சேரியில் நேரு வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில், சனிக்கிழமை மாலைகளில், கிரேக்க ரோமானிய இலக்கிய வரலாற்றைத் தமிழில் நடத்துகிறார்கள். மொத்தம் பத்து வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், கட்டணம் 2,500 ரூபாய். நடத்துகிறவர் ஒரே ஒருவர். பள்ளியில் பிரெஞ்சும் லத்தீனும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். விளம்பரம் எதுவும் கிடையாது, ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதுதான். இருக்கிற நாற்காலிக்கு மேல் ஆள் வந்தால் உட்கார இடமில்லை, பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று சார் கேட்டுக்கொண்டதால் விலாசத்தை இங்கே போடவில்லை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோர்ட் மனு, காதுகுத்து நோட்டீஸ், எப்போதாவது யாராவது கைக்காசு போட்டு அடிக்கும் கவிதைப் புத்தகம். தொழிலை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வகுப்பு எனக்குப் பிடித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். வேறு வேலையில் இருப்பவருக்கும் இதே அளவு பிடிக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இலக்கிய வரலாறு என்றால் நமக்குப் பழக்கமான முறை ஒன்று உண்டு. புலவர் பெயர், காலம், ஊர், நூல்கள், அப்புறம் 'சிறப்புகள்' என்று ஐந்து வரி. சார் அந்தப் பக்கமே போவதில்லை. எந்த நூலை எடுத்தாலும் முதலில் கேட்பது, "இது நம்ம கைக்கு எப்படி வந்து சேர்ந்தது?" என்பதுதான். எதில் எழுதினார்கள், யார் படியெடுத்தார்கள், எத்தனை படி மிஞ்சியது, எது போய்விட்டது என்று அதைப் பேசி முடித்த பிறகுதான் கவிதைக்குள் நுழைவார். முதல் வகுப்பில் எனக்கு இது கொஞ்சம் வறட்சியாகத்தான் பட்டது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது.

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் வகுப்புக்கு வந்த பாதிப் பேர் டிராய் நகரத்தை வீழ்த்திய மரக்குதிரைக்காகக் காத்திருந்தார்கள். அவருடைய இலியட் காவியத்தில் மரக்குதிரை வராது. பத்தாண்டு டிராய்ப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள் மட்டும்தான் அந்த 15,693 வரியும். கிரேக்க வீரன் அக்கிலீஸின் கோபத்தில் தொடங்கி டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரைக் கதையை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் ஒரு பாடகன் பாடுகிறான், விரிவாகச் சொல்வது அதற்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த ரோமானியக் கவிஞர் வர்ஜில். "குதிரை ரோம் வகுப்புல வரும், பொறுங்க" என்று சார் சொன்னதும் ஒரு பெரியவர் நிஜமாகவே ஏமாந்துபோனார்.

எழுத்தே பரவாத காலத்தில் இத்தனை ஆயிரம் வரியை ஒருவர் எப்படிக் கட்டியிருக்க முடியும் என்பதற்கு சார் மில்மன் பாரியின் கதையைச் சொன்னார். இந்த அமெரிக்கர் 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களைப் பதிவு செய்தார். அவ்டோ மெட்ஜெடோவிச் என்ற பாடகர் ஒரே கதையை 12,000 வரிக்கு மேல் பாடிக் காட்டியிருக்கிறார். மனப்பாடம் இல்லை. கையில் தயாராக இருக்கும் சொற்றொடர்களை வைத்துக்கொண்டு அங்கேயே கட்டுகிறார். அக்கிலீஸ் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 'விரைந்த கால்களை உடையவன்' ஆவது இதனால்தான். வரியில் அந்த அளவுக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது, அந்தத் தொடர் அதில் சரியாக உட்காருகிறது. வகுப்பில் விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், அவருடைய அப்பா தெருக்கூத்து வாத்தியார். "எங்கப்பாகிட்டயும் அப்படி வரிங்க இருக்கும் சார். எந்த ராஜா சபைக்கு வந்தாலும் பொருந்தும். வேஷம் கட்டுறவன் உள்ளே லேட் பண்ணா அதைப் போட்டுத்தான் இழுப்பார்" என்றார். சார் எழுதிக்கொண்டார். மாணவர் சொல்வதை வாத்தியார் குறிப்பெடுப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கட்டணம் முழுவதையும், எகிப்தில் கிரேக்கர்கள் நூலகம் வைத்திருந்த அலெக்சாந்திரியா நகரத்தைப் பற்றிய வகுப்புக்கே கொடுத்துவிடலாம். அன்றைக்குப் பாடத்தை ஒரு விளையாட்டோடு ஆரம்பித்தார். பழைய பஞ்சாங்கத்திலிருந்து மழைக் குறிப்பு பத்துப் பன்னிரண்டு வரி, புள்ளி இல்லாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக எழுதிய ஒரு தாள். கிரேக்கச் சுருள்களும் இப்படித்தான் இடைவெளியே இல்லாமல் இருக்கும், நம் ஓலைச்சுவடியும் அப்படித்தான் என்று சொல்லி முதல் நாற்காலியில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் ஒரு படி எடுக்க வேண்டும். மூலத்தை மடித்து சார் பையில் வைத்துக்கொள்வார். அடுத்தவர் அந்தப் படியைப் பார்த்து எழுத வேண்டும். இப்படியே கடைசி நாற்காலி வரை.

கடைசித் தாள் வந்து சேர்ந்தபோது ஒரு முழு வரியைக் காணோம். அடுத்தடுத்து இரண்டு வரி 'பெய்யும்' என்று முடிந்திருந்தன. யாரோ முதல் 'பெய்யும்' எழுதிவிட்டுத் தாளைத் திரும்பிப் பார்த்தபோது கண் இரண்டாவது 'பெய்யும்' மேல் விழுந்திருக்கிறது. நடுவில் இருந்த மழை போயிற்று. கம்போஸ் வேலை பார்க்கிற யாருக்கும் இது தெரிந்த விஷயம். பத்திரிகையில் 'அவர்களின் பேத்தியும்' என்று இரண்டு இடத்தில் வந்தால் ஒரு தாத்தா காணாமல் போவார், சொந்தக்காரர்களுக்குள் சண்டை வரும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் உட்கார்ந்து படியெடுத்தவனுக்கும் அதே கண், அதே தாவல்.

இன்னொரு பிழை இதைவிட நன்றாக இருந்தது. மூலத்தில் 'மூன்று மரக்கால் மழை' என்று இருந்திருக்கிறது. பஞ்சாங்கத்தில் மழையை மரக்காலில் அளப்பார்கள். புள்ளி இல்லாத எழுத்தில் அதைப் பார்த்த கல்லூரிப் பெண்ணுக்கு மரக்கால் என்றால் என்னவென்று தெரியாது. 'மழைக்கால மழை' என்று திருத்தியிருக்கிறாள். அடுத்தவருக்கு 'மூன்று மழைக்கால மழை' இடித்திருக்கிறது, 'மூன்று மழைக்காலம்' ஆக்கிவிட்டார். சார் இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார் போல. "ரெண்டு படி கைக்கு வருது, ஒண்ணுல புரியாத சொல், இன்னொண்ணுல சுலபமான சொல். எதை நம்புவீங்க? புரியாததைத்தான். தெரியாததைத் தெரிஞ்சதா மாத்துறவன் உண்டு, தெரிஞ்சதைத் தெரியாததா மாத்துறவன் கிடையாது" என்றார். இதற்குப் பிறகு அலெக்சாந்திரியா நூலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது வகுப்பில் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை.

அந்த நூலகத்தில் செனடோட்டஸ், அரிஸ்டார்க்கஸ் போன்றவர்கள் செய்த வேலை இதுதான். ஹோமருக்கு ஊர் ஊராக வெவ்வேறு படிகள் வந்து குவிந்தன. எந்த வரி பழையது, எது இடையில் ஒட்டியது என்று பார்த்தார்கள். சந்தேகமான வரியை அடிக்கவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு படுகோடு போட்டு வரியை அப்படியே விட்டார்கள். ஓபெலோஸ் என்று அந்தக் கோட்டுக்குப் பெயர். புரூஃப் பார்க்கிறவளாக இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது. நான் நினைப்பது தவறாக இருக்கலாம், பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோடு போட்டு நகர்வதற்கு ஒரு நிதானம் வேண்டும். அந்த நூலகத்தில் இருந்த கலிமாக்கஸ் போட்ட நூல் பட்டியல் மட்டுமே 120 சுருள் என்பதையும், அந்தப் பட்டியலே இன்று இல்லை என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

அலெக்சாந்திரியாவை ஆண்ட மூன்றாம் டாலமி மன்னர் ஏதென்ஸ் நகரத்திடம் ஈஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரின் நாடகங்களுக்கான அரசு மூலப்படிகளை இரவல் கேட்டார். முன்பணம் 15 தாலந்து வெள்ளி. வாங்கி, அருமையான தாளில் படியெடுத்து, படிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மூலத்தை வைத்துக்கொண்டார். முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதிலும் போட்டார். மருத்துவர் கேலன் எழுதிவைத்த கதை இது. அவ்வளவு செய்தும் என்ன மிஞ்சியது? ஈஸ்கிலஸ் பெயரில் ஏழு நாடகம். சோஃபக்ளிஸ் 120 போல எழுதியதில் ஏழு. யூரிப்பிடிஸுக்கு மட்டும் 19, அதில் ஒன்று அவருடையதா என்று இன்னும் சண்டை.

அவருக்கு மட்டும் ஏன் அதிகம்? இதற்கு சார் சொன்ன விடையை வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன். மற்ற இருவருக்கும் மிஞ்சியவை, பள்ளிகளுக்காகத் தேர்ந்தெடுத்த நாடகங்கள்தான். யூரிப்பிடிஸுக்கு அந்தத் தேர்வு போக இன்னொரு கட்டும் தப்பியது. அவருடைய நாடகங்களை அகரவரிசையில் அடுக்கியிருந்த முழுத் தொகுப்பில், எப்சிலோன் என்ற எழுத்து முதல் காப்பா என்ற எழுத்து வரைக்கான பகுதி எப்படியோ பிழைத்து 14-ஆம் நூற்றாண்டுப் படி ஒன்றில் வந்து சேர்ந்திருக்கிறது. ஹெலன், எலெக்ட்ரா, ஹெராக்லிஸ், அயோன், இரண்டு இஃபிஜினியா, சைக்ளோப்ஸ் என்று ஒன்பது நாடகங்கள். யாரும் தரம் பார்த்துக் காப்பாற்றவில்லை, எழுத்து வரிசை காப்பாற்றியது. தேர்வில் தேறியது சிறந்தது, போனது சுமார் என்று நினைப்பவர்களுக்கு சார் இன்னொன்றும் சொல்வார்: இன்று உலகம் கொண்டாடும் யூரிப்பிடிஸின் மெடியா, கி.மு. 431 போட்டியில் கடைசி இடம், அதாவது மூன்றாவது.

கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோவின் வகுப்பு அமைதியாகப் போயிற்று. அலெக்சாந்திரியாவில் பல சுருள்களாகத் தொகுத்திருந்த கவிஞருக்கு இன்று முழுதாகக் கையில் இருப்பது ஏறக்குறைய ஒரே பாடல். அதுவும் ஓர் உரைநடை ஆசிரியர் நல்ல நடைக்கு எடுத்துக்காட்டாக முழுசாக மேற்கோள் காட்டியதால் பிழைத்தது. இன்னொரு பாடல் பானை ஓட்டில் கிறுக்கியபடி கிடைத்தது. மீதி எகிப்தில் ஆக்சிரிங்கஸ் ஊரின் குப்பைமேட்டில். கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு இளைஞர்கள் 1896-இல் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். வந்தது ஐந்து லட்சம் துண்டு. வரிக் கணக்கு, வீட்டுக் கடிதம், நடுவில் சாஃபோ. முதல் தொகுதி 1898-இல் வந்தது, இன்னும் தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கிறது.

இதே குப்பைமேட்டில்தான் அந்த நாடகத் துண்டும் கிடைத்தது. இந்தியக் கடற்கரையில் நடக்கும் கூத்து, அதில் உள்ளூர் ராஜாவும் ஆட்களும் ஏதோ மொழியில் பேசுகிறார்கள். அது கன்னடம் என்று 1904-இல் ஒருவர் எழுதினார், துளு என்று சொல்வோரும் உண்டு, வெறும் உளறல் என்போரும் உண்டு. இந்த இடம் வந்ததும் நம் வகுப்பில் ஓர் ஐயா எழுந்து அது தமிழ்தான், மொத்த கிரேக்கமும் இங்கிருந்து போனதுதான் என்று ஆரம்பித்தார். எந்த வகுப்பாக இருந்தாலும் அவர் ஆரம்பிப்பார். இருபது நிமிஷம் போகும். சார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கலாங்க ஐயா, ஓரத்துல ஒரு கோடு போட்டு வெச்சுக்குவோம்" என்பார். ஐயாவுக்கு அது பாராட்டா இல்லையா என்று பிடிபடவில்லை.

இனி குறைகள். முதல் குறை ரோம். பத்து வகுப்பில் ரோமுக்குக் கொடுத்தது மூன்று. கி.மு. 240-இல் லத்தீனில் முதல் நாடகம் போட்ட லிவியஸ் அந்த்ரோனிக்கஸே தாரெந்தும் ஊரிலிருந்து வந்த கிரேக்கர், ஒடிசியை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர் என்று அழகாக ஆரம்பித்தார். அடுத்த அரை மணியில் நாடகாசிரியர்கள் பிளாட்டஸ், கார்த்தேஜில் பிறந்து அடிமையாக வந்த டெரன்ஸ், எல்லோரும் பஸ் ஜன்னலில் தெரியும் ஊர்கள் மாதிரி ஓடிப்போனார்கள். பேச்சாளர் சிசரோவுக்குக் கால் மணி நேரம். வரலாற்றாசிரியர் லிவியின் 142 புத்தகத்தில் 35 மிஞ்சியது, கவிஞர் கட்டுல்லஸ் 1300 வாக்கில் வெரோனாவில் தலைகாட்டிய ஒரே ஒரு படியால் பிழைத்தது, இன்னொரு கவிஞர் லுக்ரீஷியஸை 1417-இல் போஜ்ஜோ என்ற இத்தாலியர் ஒரு மடத்து நூலகத்தில் கண்டெடுத்தது. ஒவ்வொன்றும் தனி வகுப்புக்குரிய கதை. கவிஞர் ஹோரஸின் பெயர் பலகையில் வந்தது, பாடத்தில் வரவில்லை. வேலை கொடுத்துச் சோறு போட்டது லத்தீன் என்றாலும் சாரின் மனசு கிரேக்கத்தில்தான் இருக்கிறது.

வர்ஜிலுக்கு மட்டும் கொஞ்சம் நின்றார். பதினோரு வருஷம் எழுதியும் திருப்தி இல்லாமல், கி.மு. 19-இல் சாகும் தறுவாயில் தன் இனியட் காவியத்தை எரித்துவிடச் சொன்னார். பேரரசர் அகஸ்டஸ் விடவில்லை. வேரியஸ், டுக்கா என்ற நண்பர்கள் இருவர் பதிப்பித்தார்கள். பாதியில் நிற்கும் வரிகள் ஐம்பதுக்கு மேல் அதில் இருக்கின்றன, நண்பர்கள் நிரப்பாமல் அப்படியே விட்டார்கள். வாடிக்கையாளர் காலியாக விட்ட இடத்தை நாமாக நிரப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த நாணயம் புரியும். கி.பி. 8-இல் கருங்கடல் ஓரத்துத் தோமிஸுக்கு நாடுகடத்தப்பட்ட கவிஞர் ஓவிட் பாடத்தில் வந்தபோது மணி எட்டாகிவிட்டது, கடலூர் பஸ்ஸுக்காக நான் எழுந்துவிட்டேன்.

இரண்டாவது குறை அச்சுத்தாள்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருதரம்கூடப் பார்க்காமல் ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஒரே பக்கத்தில் சாஃபோ மூன்று விதமாக வருகிறார். அரிஸ்டார்க்கஸ் கையில் கிடைத்திருந்தால் ஓரத்தில் கோடு போட்டே பேனா தேய்ந்திருக்கும். படியெடுக்கும் பிழையைப் பற்றி இவ்வளவு பேசுகிற இடத்தில் இது கண்ணை உறுத்துகிறது. அப்புறம் ஆறு மணி வகுப்பு ஆறரைக்கு முன் தொடங்குவதில்லை. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து வரவும். கொசு உண்டு. டீ நன்றாக இருக்கும்.

புதுச்சேரியில் நடப்பதால் மட்டுமே கிடைக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. 1846-இல் இங்கேயே அச்சான லத்தீன், பிரெஞ்சு, தமிழ் அகராதியை சார் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு "ரோசா, ரோசா, ரோசாம், ரோசே, ரோசே, ரோசா" என்று வேற்றுமை அடுக்கினார், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்த அரவிந்தர், இலியட்டுக்குப் பிறகு டிராய்க்கு என்ன ஆனது என்பதை ஹோமரின் யாப்பிலேயே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டதும், இதே ஊரில் சில காலம் அடைக்கலமாக இருந்த வ.வே.சு. ஐயர் பின்னாளில் கம்பனை ஹோமரோடும் வர்ஜிலோடும் நிறுத்திப் பார்த்ததும் ஒரே மாலையில் வந்தன.

கடைசி வகுப்பு, புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேடு. கிரேக்கத்தில் எழுதிய பெயர் தெரியாத வணிகர் ஒருவரின் கடல்வழிக் குறிப்பில் கமரா, பொதுகே, சோபத்மா என்று மூன்று துறைமுகம் வரிசையாக வருகின்றன. நடுவில் இருப்பது நம் புதுச்சேரிப் பக்கம்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. அந்தப் பெரிப்ளஸ் நூலுக்கு ஆதாரம் ஹைடல்பர்கில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டுப் படி ஒன்று. லண்டனில் இருப்பது அதைப் பார்த்து எழுதியது. ஹைடல்பர்க் படியே பெயர்களைப் புரியாமல் எழுதிய கை, பிழை மலிந்தது. மரக்காலை மழைக்காலமாக்கிய கல்லூரிப் பெண் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடத்தில் இப்போது பார்ப்பதற்கு மாமரமும் இடிந்த செங்கல் சுவரும்தான். வெயிலில் போய் நிற்பதைவிட பாரதி பூங்கா அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளைப் பார்ப்பது மேல். இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதை அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று சொன்னால் காதில் ஏறுகிறது.

போட்டித் தேர்வுக்குக் குறிப்பு தேடுபவர்கள் வர வேண்டாம். சான்றிதழ் கிடையாது, காலவரிசை அட்டவணையும் கிடையாது. கிரேக்கமோ லத்தீனோ தெரிந்திருக்கத் தேவையில்லை. சங்க இலக்கியம் கொஞ்சம் படித்தவர்களுக்கும், உ.வே.சா. சுவடி தேடி அலைந்ததைப் படித்து ரசித்தவர்களுக்கும் 2,500 ரூபாய் குறைவுதான். பணமாகக் கொடுத்தாலும் சரி, ஜிபேயில் போட்டாலும் சரி, இரண்டு தவணையாகவும் வாங்கிக்கொள்கிறார். அடுத்த சுற்றுக்கு அச்சுத்தாளை நம் கடையில் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ரோமுக்குத் தனியாக ஆறு வகுப்பு வைத்தால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடுவேன், ஹோரஸுக்கு ஒரு மாலை முழுசாக ஒதுக்குவதாக இருந்தால்.